சொல் முந்தி, கருத்துரு பிந்தி

ஒரு சொல்லைச் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அச்சொல்லின் பொருளும் தெரிந்திருக்கும் என்று பெரியவர்கள் இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றனர். 'எழுத்து', 'சொல்', 'வரி', 'முதல்', 'கடைசி' ஆகியவற்றை நாள்தோறும் கேட்டும் சொல்லியும் பழகிய ஐந்து வயதுக் குழந்தையிடம் இவற்றுள் எதையும் விளக்க வேண்டும் என்று ஆசிரியருக்குத் தோன்றுவதில்லை. ஆனால் கற்றலை நெருங்கி நின்று கவனித்த ஆய்வுகள், சொல் முந்திக்கொண்டு வந்துவிடுகிறது என்பதையும், அதற்குரிய கருத்துரு பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் பிந்தியே வந்து சேர்கிறது என்பதையும் காட்டுகின்றன. அந்த இடைவெளியில் குழந்தையின் மனத்தில் என்ன நடக்கிறது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். அதை அறிவதற்கு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1960களில் நடந்த ஓர் ஆய்வு நல்ல வழிகாட்டியாக அமைகிறது.

தமிழ்நாட்டு நூல்கள் 'கருத்துரு' என்றும் இலங்கைப் பாடநூல்கள் 'எண்ணக்கரு' என்றும் குறிப்பது ஒன்றையே. பல தனிப் பொருள்களையோ நிகழ்வுகளையோ அவற்றுக்குப் பொதுவான ஓர் இயல்பைக் கொண்டு ஒன்றாகத் தொகுத்து, அந்த இயல்பு இல்லாதவற்றை வெளியே நிறுத்தும் மன அமைப்பே கருத்துரு. அடிப்பக்கம் கிடையாகவும் முனை மேலேயும் அமைந்த வடிவத்தை 'முக்கோணம்' என்று சொல்லும் குழந்தை, அதே வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால் இல்லையென்று மறுக்குமானால், அதனிடம் இருப்பது ஒரு படமும் அந்தப் படத்துக்கு ஒரு பெயரும்தான். மூன்று நேர்கோட்டுப் பக்கங்களால் அடைபட்ட உருவம் என்னும் பொது இயல்பு இன்னும் அதன் கைக்கு வரவில்லை. முன்பு கண்டிராத எடுத்துக்காட்டை ஏற்பதும், தோற்றத்தில் ஒத்திருந்தும் இனத்தில் சேராததை விலக்குவதும்தான் கருத்துரு உருவாகிவிட்டது என்பதற்கான சான்றுகள்.

ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, அவர் மறைந்த 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிந்தனையும் மொழியும்' என்னும் நூலில், பெரியவர் பயன்படுத்தும் அதே சொல்லை அதே பொருள்களுக்கே குழந்தையும் பயன்படுத்தினாலும், அப்பொருள்களை ஒன்றாகச் சேர்க்கும் மனவேலை இருவரிடமும் வேறாக இருக்கலாம் என்று காட்டி, அத்தகைய இடைநிலைக்குப் போலிக் கருத்துரு என்று பெயரிட்டார். இங்கே 'போலி' என்பது இழிவுச்சொல் அல்ல. சொல் ஒன்றாக இருப்பதனால்தான் பெரியவரும் குழந்தையும் பேசிக்கொள்ள முடிகிறது. அந்தப் பேச்சின் வழியாகத்தான் குழந்தை மெய்யான கருத்துருவை நோக்கி நகர்கிறது. ஆனால் அதே ஒற்றுமை உள்ளே இருக்கும் வேறுபாட்டை மறைத்தும் விடுகிறது. மறைந்திருப்பதை வெளியே கொண்டுவரத் தனியே ஒரு வழி தேவைப்படுகிறது.

ஒவ்வொருவராக வந்து சேரும் வகுப்பு

நியூசிலாந்தில் சட்டப்படி ஆறு வயதில்தான் பள்ளி கட்டாயம் என்றாலும், ஐந்தாம் பிறந்தநாளை ஒட்டிக் குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். ஆகவே அங்கே தொடக்க வகுப்பு எல்லாருக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. ஆண்டு முழுவதும் குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர். வகுப்பு முழுவதையும் ஒரே அளவுகோலால் பார்ப்பதைவிட ஒரு குழந்தையின் பாதையைத் தனியே பின்தொடர்வது இந்த ஏற்பாட்டில் இயல்பாகவே பொருந்துகிறது.

1926இல் வெலிங்டனில் பிறந்து, 1960இல் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற மேரி கிளே செய்ததும் அதுவே. ஆக்லாந்துப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த 100 குழந்தைகளை அவர்களுடைய முதல் பள்ளியாண்டு முழுவதும் வாரந்தோறும் கவனித்து, அவர்கள் நூலைக் கையிலெடுத்தபோது என்ன செய்தனர், என்ன சொன்னார்கள், விரல் எங்கே போயிற்று, கண் எங்கே நின்றது என்பவற்றை நடந்த வரிசையிலேயே அவர் பதிவு செய்தார். இந்த ஆய்வுக்காக 1966இல் முனைவர் பட்டம் பெற்ற கிளே, 1975இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். 2007இல் ஆக்லாந்தில் மறைந்தார்.

அக்காலத்தில், வாசிப்பதற்குரிய மனப்பக்குவம் ஒரு குறிப்பிட்ட வயதில் தானே கனிந்து வரும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் கல்வியாளரிடையே வலுவாக இருந்தது. கிளேயின் பதிவுகள் வேறொரு நிலையைக் காட்டின. இன்னும் வாசிக்கத் தெரியாத குழந்தையும் நூலைப் பற்றி ஏற்கெனவே பலவற்றை நம்புகிறது. அந்த நம்பிக்கைகளில் சில சரியானவை, சில பாதி சரியானவை, சில முற்றிலும் வேறானவை. கதை படத்தில்தான் இருக்கிறது, கீழேயுள்ள கறுப்புக் குறிகள் வெறும் அணி என்று எண்ணும் குழந்தை உண்டு. குறிகளில்தான் கதை இருக்கிறது என்று அறிந்தும், அவற்றை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கலாம் என்று எண்ணும் குழந்தையும் உண்டு. ஆகவே கற்பித்தல் வெற்றுப் பலகையில் எழுதும் வேலையாக இருக்க முடியாது. குழந்தை ஏற்கெனவே எழுப்பி வைத்திருக்கும் ஒரு கட்டடத்துக்குள் புகுந்து செய்ய வேண்டிய திருத்த வேலையாகவே அது அமைகிறது.

பிரிட்டனில் ஜெஸ்ஸி ரீட் என்பவர் எடின்பரோவில் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் பேசி 1966இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நின்றது. வாசிக்கத் தொடங்கியிருந்த அக்குழந்தைகளுள் பலருக்கு எழுத்து, சொல், எண் ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு தெளிவாக இருக்கவில்லை. ஆசிரியர் 'இந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பார்' என்று கூறும்போது, அந்தச் சிறு வாக்கியத்துக்குள் மூன்று கருத்துருக்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று நழுவினாலும் குழந்தை பார்ப்பது வேறொன்றாகவே இருக்கும்.

இரண்டு அட்டைகளும் ஒரு மணல் கதையும்

குழந்தையிடம் 'எழுத்து என்றால் என்ன?' என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. கருத்துருவை வைத்திருப்பதும் அதைச் சொற்களால் வரையறுப்பதும் வெவ்வேறு திறன்கள். இதை உணர்ந்த கிளே, கருத்துருவைச் செயலில் காட்டச் சொல்லும் ஒரு சோதனையை வகுத்தார். அச்செழுத்து பற்றிய கருத்துருக்கள் என்று பொருள்படும் பெயர்கொண்ட அச்சோதனைக்கு அவர் 'மணல்' என்னும் தலைப்பில் 1972இலும் 'கற்கள்' என்னும் தலைப்பில் 1979இலும் இரு சிறு நூல்களைத் தந்தார். பார்வைக்கு அவை சாதாரணக் கதை நூல்களே. ஆனால் உள்ளே ஒரு பக்கத்தில் படம் தலைகீழாக அச்சாகியிருக்கும். இன்னொரு பக்கத்தில் வரிகள் இடம் மாறியிருக்கும். பிறகு சொற்களும், அதற்கும் பிறகு ஒரு சொல்லுக்குள்ளே எழுத்துகளும் முறை மாறியிருக்கும். ஆசிரியர் எதுவும் நடவாததுபோல் வாசித்துக்கொண்டே போக, குழந்தை எந்தப் பிறழ்வைக் கண்டு நிறுத்துகிறது என்பது குறித்துக்கொள்ளப்படும். படம் தலைகீழாக இருப்பதை உடனே கண்டு சிரிக்கும் குழந்தை, சொல்லுக்குள் எழுத்துகள் புரண்டு கிடப்பதைச் சிறிதும் கவனியாமல் கடந்து போகலாம். எந்த அளவு நுண்மை வரை அதன் கருத்துரு இறங்கியிருக்கிறது என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடுகிறது.

மொத்தம் 24 கேள்விகள் கொண்ட இச்சோதனையின் இறுதிப் பகுதியில் இரண்டு சிறு அட்டைகள் பயன்படுகின்றன. வாக்கியத்தின் இரு முனைகளிலும் ஒவ்வோர் அட்டையை வைத்து, திரைச்சீலைகளை இழுப்பதுபோல் அவற்றை உள்நோக்கி நகர்த்தி, நடுவில் ஓர் எழுத்து மட்டும் தெரியும்படி செய்யுமாறு குழந்தையிடம் கூறப்படுகிறது. பின்னர் இரண்டு எழுத்துகள், பின்னர் ஒரு சொல், பின்னர் இரண்டு சொற்கள். எழுத்து என்ற சொல்லை ஆயிரம் முறை கேட்டிருக்கும் குழந்தை ஒரு முழுச் சொல்லைத் திறந்து காட்டி 'இதுதான் எழுத்து' என்று நம்பிக்கையோடு சொல்லும்போது, முந்தி வந்த சொல்லுக்கும் பிந்தி வரவேண்டிய கருத்துருவுக்கும் இடைப்பட்ட தொலைவு இரண்டு அட்டைகளுக்கு நடுவே அளந்து வைத்ததுபோல் காட்சியளிக்கிறது.

இந்தப் பிழையைக் கவனக்குறைவு என்று ஒதுக்கினால் அதிலுள்ள தகவல் வீணாகிவிடும். ஆங்கிலத்தில் 'நான்' என்று பொருள்படும் 'ஐ' ஒற்றை எழுத்தாகவே எழுதப்படுவதால் அது எழுத்தும் ஆகிறது, சொல்லும் ஆகிறது. குழந்தையின் பெயரைச் சுவரில் ஒட்டி 'இதுதான் உன் பெயர், இது உன் பெயரின் எழுத்து' என்று பெரியவர் காட்டும்போது விரல் முழுப் பெயரையும் தடவிச் செல்வதும் உண்டு. கிடைத்த எடுத்துக்காட்டுகளை வைத்து நியாயமாகவே ஊகித்த ஒரு விதியைத்தான் குழந்தை கடைப்பிடிக்கிறது. அந்த விதியைக் குலைக்கும் எடுத்துக்காட்டு இன்னும் அதன் கண்முன் வரவில்லை.

விரல் நின்றுபோகும் இடம்

ஒரு கருத்துரு எவ்வாறு திருந்துகிறது என்பதற்குக் கிளேயின் பதிவுகள் மிகத் தெளிவான ஒரு காட்சியைத் தருகின்றன. பலமுறை கேட்டு மனப்பாடமான வரியைக் குழந்தை விரல் வைத்து 'வாசிக்கிறது'. தொடக்கத்தில் விரல் வரியின் மேல் வழுக்கிச் செல்லும். பேச்சுக்கும் அச்சுக்கும் தொடர்பு உண்டு என்பது மட்டுமே அப்போது அதற்குத் தெரியும். பிறகு ஒவ்வோர் ஒலித்துடிப்புக்கும் ஒரு தொடுகை என்ற நிலை வருகிறது. இடைவெளிகளால் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு குறித்தொகுதியும் ஒரு சொல் என்ற நிலை அதற்குப் பின்னரே வருகிறது.

'அவன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டான்' என்னும் தமிழ் வரியை எடுத்துக்கொண்டால் இந்த மாற்றம் இன்னும் துலங்கும். அச்சில் மூன்று சொற்கள். வாயிலோ பதினான்கு அசைத்துடிப்புகள். துடிப்புக்கு ஒரு சொல் என்று தொட்டுக்கொண்டு போகும் குழந்தை 'பள்' என்று சொல்லும்போதே வரியின் கடைசிச் சொல்லைத் தொட்டுவிடும். சொல்லவேண்டியது மீதமிருக்க, தொட ஒன்றும் மீதமிருக்காது. அந்த இடத்தில் விரல் நின்றுபோகிறது. குழந்தை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி, இன்னொரு முறை முயன்று, மீண்டும் முட்டி, ஏதோ ஒரு நாளில் பேச்சை நீட்டி விரலைக் காக்க வைக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காத அந்தக் காத்திருப்பில்தான் 'சொல்' என்னும் கருத்துரு பிறக்கிறது.

கருத்துரு மாற்றத்துக்கு என்னென்ன தேவை என்பதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் போஸ்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் வகுத்துரைத்தனர். பழைய கருத்தில் நிறைவின்மை தோன்ற வேண்டும். புதிய கருத்து புரியக்கூடியதாக இருக்க வேண்டும். நம்பத்தகுந்ததாக இருக்க வேண்டும். இதுவரை விளங்காதிருந்தவற்றையும் விளக்கிப் பயன்தர வேண்டும். அவர்கள் மனத்தில் கொண்டிருந்தது பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்களை. ஆயினும் விரல் நின்றுபோகும் அந்தக் கணத்தில் ஐந்து வயதுக் குழந்தை அடைவதும் அந்த நிறைவின்மையையே.

குழந்தை உரக்க வாசிக்கும்போது சரியாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சரிக்குறி, பிழைக்கு அக்குழந்தை சொன்னதே அப்படியே, தானே திருத்திக்கொண்டால் அதற்குத் தனிக்குறி என்று வெறும் தாளில் பதிந்துகொள்ளும் முறையையும் கிளே உருவாக்கினார். நன்கு முன்னேறிய குழந்தைகள் பிழை செய்யாதவர்களாக இருக்கவில்லை என்பது இப்பதிவுகளிலிருந்து தெரிந்தது; அவர்கள் ஏறத்தாழ மூன்று நான்கு பிழைகளுக்கு ஒன்றைத் தாமே திருத்திக்கொண்டனர். பின்தங்கியவர்களிடம் இந்தத் தன்திருத்தம் மிக அரிதாக இருந்தது. பிழை நேர்ந்த இடத்தில் ஆசிரியர் உடனே புகுந்து சரியான சொல்லைச் சொல்லிவிட்டால் பக்கம் விரைவாக முடியும். ஆனால் முரண்பாட்டை உணர்ந்து திரும்பிப் பார்க்கும் வாய்ப்பு குழந்தையின் கையிலிருந்து போய்விடும்.

இந்த முரண்பாட்டை ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து காண வழியிருக்கிறது என்பதையும் ஆக்லாந்து ஆசிரியர்கள் காட்டினர். டான் ஹோல்டவே என்னும் கல்வியாளரும் அவருடன் இணைந்த ஆசிரியர்களும், தாயின் மடியில் அமர்ந்து ஒரே நூலைப் பார்க்கும் அனுபவத்தை வகுப்பறைக்குக் கொண்டுவர, எல்லாக் குழந்தைகளின் கண்ணுக்கும் எழுத்து தெரியும் அளவுக்குப் பெரிய நூல்களைச் செய்து, சுட்டுக்கோலால் சொல் சொல்லாகத் தொட்டு வாசித்தனர். கோல் எப்போது நகர்கிறது, வரி முடிந்ததும் எங்கே திரும்புகிறது என்பதை வாய்விட்டு விளக்காமலே குழந்தைகள் கண்டுகொண்டனர்.

கொக்கு எத்தனை எழுத்து?

மவுண்ட் ராஸ்கில், சாண்ட்ரிங்கம் போன்ற பகுதிகளில் வாழும் ஆக்லாந்துத் தமிழ்க் குடும்பங்களின் குழந்தைகளுக்கு இந்தப் பயணம் இருமடங்காகிறது. வார நாட்களில் ஆங்கிலப் பள்ளி, வார இறுதியில் தமிழ் வகுப்பு என்று வளரும் குழந்தைக்கு 'எழுத்து' என்னும் ஒரே பெயரில் இரண்டு வேறு கருத்துருக்கள் தேவைப்படுகின்றன; இதைக் கற்பிப்பவரே பலவேளைகளில் கவனிப்பதில்லை.

'கொக்கு' என்னும் சொல்லைத் தாளில் எழுதிப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் பழகிய கண், தனித்தனியே நிற்கும் வடிவங்களை எண்ணும்: ஒற்றைக் கொம்பு, அதையடுத்து 'க', அதையடுத்துக் கால், பிறகு புள்ளி வைத்த 'க்', இறுதியில் 'கு' என்று ஐந்து. தமிழ் வகுப்பில் எதிர்பார்க்கப்படும் விடையோ 'கொ', 'க்', 'கு' என்று மூன்று. ஒலிகளைப் பிரித்தால் க், ஒ, க், க், உ என்று மறுபடியும் ஐந்து. ஆனால் வடிவங்களின் ஐந்தும் ஒலிகளின் ஐந்தும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. 'ஐந்து' என்று விடை சொல்லும் குழந்தையிடம் 'தவறு, மூன்று' என்று மட்டும் கூறினால், அது எந்த ஐந்தை எண்ணியது என்பது தெரியாமலே போய்விடும். வடிவத்தை எண்ணியதா, ஒலியை எண்ணியதா என்று கேட்டறியும் ஆசிரியருக்கே அடுத்து எதைக் காட்ட வேண்டும் என்பது விளங்கும்.

திசை பற்றிய கருத்துருவும் இங்கே சோதனைக்கு உள்ளாகிறது. இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும் என்பதை ஆங்கிலப் பள்ளியில் உறுதியாகக் கற்ற குழந்தை 'கெ' என்பதைக் காணும்போது, இடப்புறம் நிற்கும் கொம்பின் ஒலி, வலப்புறம் நிற்கும் மெய்யின் ஒலிக்குப் பின்னரே வருவதை எதிர்கொள்கிறது. 'கொ' என்பதில் ஒரே உயிரொலியின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. தமிழ் எழுத்துக்களுக்கு இடையே இடமிருந்து வலம் என்னும் விதி தவறாமல் செல்லும். ஓர் எழுத்தின் உள்ளே மட்டும் அது செல்லாது. இந்த வேறுபாட்டைக் கைக்கணினியின் திரை ஓரளவு கண்முன் காட்டுகிறது. யூனிகோடு முறையில் 'க'வை முதலில் இட்டு, பிறகு கொம்பைச் சேர்த்தால், கொம்பு தானாகவே இடப்புறம் தாவி அமர்கிறது. ஒலியின் வரிசை வேறு, தோற்றத்தின் வரிசை வேறு என்பதை ஆசிரியரின் நெடிய விளக்கத்தைவிட அந்த ஒரு தாவல் தெளிவாகக் காட்டிவிடும். கையால் எழுதும்போதோ கொம்பை முதலில் போட்டுவிடுவதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

தமிழ் இலக்கண மரபு இவ்வேறுபாட்டைத் தொன்றுதொட்டே அறிந்திருக்கிறது. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரம் முதன்மையாக ஒலிகளைப் பற்றியது. 12 உயிர், 18 மெய், அவை கூடிப் பிறக்கும் 216 உயிர்மெய், ஆய்தம் ஆகியவற்றைச் சேர்த்து 247 என்னும் கணக்கு, அரிச்சுவடி வரைபடத்தில் நேர்த்தியான கட்டங்களாகக் குழந்தையின் முன் விரிகிறது. ஆனால் 'க் + அ = க' என்பதை ஒப்பிக்கும் குழந்தை, 'க' என்று ஒரே துடிப்பாகக் கேட்கும் ஒலிக்குள் இரண்டு ஒலிகள் இருப்பதை உணர்ந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. வாய்பாடு முந்தி வருகிறது. ஒலியன் என்னும் கருத்துரு, அதாவது பொருள் வேறுபாட்டை உண்டாக்கும் மிகச்சிறிய ஒலி அலகு பற்றிய அறிவு, பிந்தியே வருகிறது. 'கல்' என்பதில் முதல் ஒலியை மட்டும் மாற்றிப் 'பல்', 'சொல்' என்பதில் முதல் ஒலியை மட்டும் மாற்றி 'நெல்' என்று அடுக்கச் சொன்னால் இந்த வேறுபாடு வெளிப்படும். முதல் இணையில் மாறியது மெய் ஒன்றே. இரண்டாம் இணையில் மெய்யோடு உயிரும் மாறிவிட்டது. அதைக் கண்டு மறுக்கும் குழந்தை வாய்பாட்டைத் தாண்டிவிட்டது.

'சொல்' என்பதன் எல்லையும் மொழிக்கு மொழி மாறுகிறது. மேலே கண்ட மூன்று சொல் வரியை ஆங்கிலத்தில் எழுத ஏறத்தாழ இருமடங்கு சொற்கள் வேண்டும். சொற்களுக்கிடையே வெளி விட்டு எழுதுவதுகூடத் தமிழில் அச்சோடு நிலைபெற்ற வழக்கம். ஓலைச்சுவடிகளில் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடின, புள்ளிகளும் பெரும்பாலும் இடப்படவில்லை. பொருளறிந்தே சொல்லைப் பிரிக்க வேண்டியிருந்த காலத்தில் எளிதாகக் கிட்டாத ஒன்றை, இடைவெளியைப் பார்த்தே பிரித்துவிடும் இன்றைய குழந்தை எளிதில் பெறுகிறது என்றாலும், அந்த எளிமை கண்ணுக்கு மட்டுமே. 'பள்ளிக்கூடத்திலிருந்து' ஏன் ஒரே சொல் என்பதற்குரிய விடை இடைவெளியில் இல்லை.

சிலந்தி விலங்கா?

எழுத்தறிவில் கண்ட இந்த உண்மை அறிவியல் வகுப்பிலும் அப்படியே நிற்கிறது. ஆக்லாந்துக்குத் தெற்கே ஹாமில்டன் நகரிலுள்ள வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆஸ்போர்னும் பீட்டர் ஃப்ரைபெர்க்கும் 1979 முதல் நடத்திய அறிவியல் கற்றல் ஆய்வுத்திட்டம், பசு, சிலந்தி, மண்புழு, சிறுவன் ஆகிய படங்களைக் காட்டி 'இது விலங்கா?' என்றும், அதற்குமேல் 'ஏன் அப்படி நினைக்கிறாய்?' என்றும் மாணவர்களைக் கேட்டது. பசுவில் எவருக்கும் ஐயமில்லை. சிலந்தியையும் புழுவையும் மனிதனையும் விலங்கென்று ஏற்கப் பலர் மறுத்தனர். நான்கு கால், உரோமம், ஓரளவு பெரிய உடல், நிலத்தில் வாழ்தல் என்பவையே அவர்களுடைய விலங்கின் இலக்கணம்.

தமிழ் மாணவருக்கு இத்தடை இன்னும் உயரமானது. பறவை, மீன், பூச்சி, பாம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் வழங்குவதால், அன்றாடத் தமிழில் 'விலங்கு' என்பது பெரும்பாலும் நாற்கால் உயிர்களோடு நின்றுவிடுகிறது. பாடநூலோ, பிற உயிர்களையோ அவற்றின் விளைபொருள்களையோ உண்டு வாழும் பல்செல் உயிரிகளின் பெரும் பகுப்பு என்னும் பொருளில் அதே சொல்லைக் கையாள்கிறது. தெருவின் விலங்கும் பாடநூலின் விலங்கும் வேறு என்பதை வெளிப்படையாகச் சொல்லாமல் பாடத்தை நகர்த்தினால், மாணவர் தேர்வுக்கு ஒன்றும் வாழ்வுக்கு ஒன்றுமாக இரண்டு இலக்கணங்களைத் தனித்தனி அறைகளில் வைத்துக்கொள்வார்.

ஆஸ்போர்னின் மின்சுற்று ஆய்வு, சான்றைக் கண்ணால் கண்டபின்னும் பழைய கருத்து எவ்வளவு பிடிவாதமாக நிற்கும் என்பதைக் காட்டியது. மின்விளக்கு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, ஆகவே விளக்கைத் தாண்டியபின் ஓட்டம் குறையும் என்று பல மாணவர்கள் எண்ணினர். விளக்கின் இருபுறமும் அம்மீட்டரை இணைத்து, இரண்டும் ஒரே அளவைக் காட்டுவதைப் பார்த்தபோது பலர் கருத்தை மாற்றிக்கொண்டனர். ஆனால் ஆய்வாளர் காலின் கால்ட் பின்னர் மேற்கொண்ட ஆய்வில், இச்சோதனையைக் கண்ட மாணவர்களுள் சிலர், சில மாதங்கள் கழித்து, இரு மீட்டர்களும் வெவ்வேறு அளவுகளைக் காட்டியதாகவே நினைவுகூர்ந்தனர். கருத்து சான்றுக்கேற்ப மாறுவதற்குப் பதிலாகச் சான்றின் நினைவே கருத்துக்கேற்ப மாறிவிட்டது. ஒரு முறை காட்டுவது போதாது என்பதற்கு இதைவிட வலுவான விளக்கம் தேவையில்லை. நியூசிலாந்தின் மற்றோர் ஆய்வாளர் கிரகாம் நட்ஹால், வகுப்பறையில் மாணவர்களின் தனிப்பேச்சு உட்பட அனைத்தையும் ஒலிவாங்கிகளால் பதிவு செய்து ஆராய்ந்து, ஒரு கருத்துருவை விளங்கிக்கொள்ளத் தேவையான முழுத் தகவலையும் மாணவர் குறைந்தது மூன்று வெவ்வேறு வேளைகளில் எதிர்கொண்டாலே அது நிலைக்கிறது என்று கண்டார். ஒரே வாக்கியத்தை மூன்று முறை சொல்வதை அவர் கருதவில்லை; வெவ்வேறு செயல்களின் வழியாக, வெவ்வேறு நாட்களில், முழுமையான கருத்தைச் சந்திப்பதையே கருதினார்.

கவனிப்பும் கற்பித்தலும்

கிளேயின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் வாசிப்பு மீட்புத் திட்டத்தையும் இங்கே நேர்மையோடு குறிப்பிட வேண்டும். 1970களின் நடுவில் ஆக்லாந்தில் உருவாகி, 1980களில் நியூசிலாந்து முழுவதும் பரவி, 1984 முதல் அமெரிக்காவிலும் கால்பதித்த இத்திட்டத்தில், ஓராண்டுப் பள்ளிப்படிப்புக்குப் பின்னும் பின்தங்கிய ஆறு வயதுக் குழந்தைக்கு ஓர் ஆசிரியர் தனியாக நாள்தோறும் 30 நிமிடங்கள் கற்பித்தார். தெரியாத சொல்லைக் காணும்போது பொருள், தொடரமைப்பு, எழுத்து ஆகிய மூன்றிலிருந்தும் குறிப்புகளைத் திரட்டலாம் என்னும் அதன் அணுகுமுறையை, மாசி பல்கலைக்கழகத்தின் வில்லியம் டன்மரும் ஜேம்ஸ் சாப்மனும் தொடர்ந்து மறுத்துவந்தனர். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறைப்படி, நேரடியாகக் கற்பிப்பதே பின்தங்கிய குழந்தைக்கு முதன்மைத் தேவை என்பது அவர்கள் வாதம். ஆய்வுச் சான்றுகள் இந்தப் பக்கம் திரண்ட நிலையில், 2025 முதல் நியூசிலாந்து அரசு ஒலி–எழுத்து உறவை ஒழுங்குபடுத்திக் கற்பிக்கும் முறைக்கு மாறி, வாசிப்பு மீட்புத் திட்டத்துக்கான நிதியை நிறுத்திக்கொண்டது.

இந்த மாற்றம் கிளே கற்றுத்தந்த கவனிப்பை வீணாக்கிவிடவில்லை. எந்த வாசிப்பு முறையைப் பின்பற்றினாலும் ஆசிரியர் 'எழுத்து', 'ஒலி', 'சொல்' ஆகிய சொற்களைப் பயன்படுத்தித்தான் ஆகவேண்டும். அச்சொற்களுக்குப் பின்னால் குழந்தையிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால், மிகச் சீராக வகுக்கப்பட்ட பாடமும் குறி தவறிப் போகும். அதே வேளையில், கவனிப்பதோடு நின்று, கருத்துரு தானே கனியும் என்று காத்திருப்பதும் குழந்தைக்கு இழைக்கும் அநீதியே. விரல் நின்றுபோகும் இடத்தைக் கண்டுபிடிப்பது கவனிப்பின் வேலை. அங்கே எந்த எடுத்துக்காட்டை வைத்தால் பழைய விதி குலையும் என்று தேர்ந்து வைப்பது கற்பித்தலின் வேலை.

அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. நன்னூல் எண்ணிச் சொல்லும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்றான 'கை' என்பதைத் தாளில் எழுதி, இரண்டு அட்டைகளைக் குழந்தையிடம் கொடுத்து, முதலில் ஓர் எழுத்தையும், பிறகு ஒரு சொல்லையும் திறந்து காட்டச் சொல்லலாம். வடிவங்களை எண்ணும் குழந்தை அட்டையைக் கொம்புக்கும் 'க'வுக்கும் நடுவே கொண்டுவந்து நிறுத்தும். எழுத்து என்னும் கருத்துருவை எட்டிய குழந்தை முதல் முறை இரண்டு வடிவங்களையும் சேர்த்துத் திறந்து காட்டும். சொல்லைக் காட்டச் சொன்ன அடுத்த முறை, அட்டைகளைச் சிறிதும் நகர்த்தாமல் அப்படியே வைத்திருக்கும்.